‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் கிரிக்கெட்’: ஆங்கில அட்ஜெக்டிவை எங்கிருந்து சொல்லிக் கொடுப்பது?

மாலைவகுப்பு:

எங்கள் தெருவில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அட்ஜெக்டிவ் என்றால் என்ன என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் ‘பெயரைச் சிறப்பித்துக் கூறும் சொல்’ என்கிறார்கள். எழுதச் சொன்னால் இப்படி வருகிறது:

‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் கிரிக்கெட்.’
‘மை சிஸ்டர் இஸ் பியூட்டிஃபுலி.’
‘ஐ சா ஆன் அஸ்லீப் பேபி.’
‘ஹீ இஸ் எ டென் இயர்ஸ் ஓல்ட் பாய்.’
‘திஸ் பேனா இஸ் மோர் பெட்டர்.’ (பேனாவை விட்டுவிடுங்கள், அது வேறு கதை.)

குவாலிட்டி, குவான்டிட்டி, நம்பர், டெமான்ஸ்ட்ரேட்டிவ் என்று வகைகள் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் இந்தத் தவறுகள் போகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

இரவுப்பணி:

இலக்கணத்தை மூட்டை கட்டி வையுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் தினமும் போனில் பேசுவதுதான் என் வேலை. எந்த வகை அட்ஜெக்டிவ் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கார்ட்டூன், படம், கிரிக்கெட் வர்ணனை என்று நிறையக் கேட்க வையுங்கள். தானாக வரும்.

பழைய வாத்தியார்:

தம்பி சொல்வது பேச்சுக்குச் சரி. ஆனால் ஒரு பிள்ளை ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதற்குக் காரணம் இருக்கும். அதைப் பார்க்காமல் படம் போட்டுக் காட்டினால் படம்தான் ஓடும்.

உங்கள் பட்டியலில் முதல் இரண்டும் நேராகத் தமிழிலிருந்து வருபவை. ‘பாடம் குழப்பமாக இருக்கிறது’ என்கிறோம். ‘எனக்குக் குழப்பமாக இருக்கிறது’ என்றும் சொல்கிறோம். குழப்புவது பாடம், குழம்புவது நான். இரண்டுக்கும் நமக்கு அதே ‘குழப்பமாக’ போதும், ஏனென்றால் அனுபவிப்பவர் யார் என்பதை ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமை காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அனுபவிப்பவரும் பெரும்பாலும் எழுவாயாகவே வந்து உட்காருவார். அப்போது வித்தியாசத்தைக் காட்டும் பொறுப்பு அட்ஜெக்டிவின் வாலுக்கு வந்துவிடும். ‘த லெசன் இஸ் கன்ஃப்யூசிங்’, ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட்’. உணர்ச்சியைக் கொடுப்பதற்கு ‘இங்’, அதை அனுபவிப்பவருக்கு ‘எட்’. எனக்கு போர் அடிக்கிறது என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் போரிங்’ என்றால், என்னோடு பேசுகிறவர்களுக்கு போர் அடிக்கும் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

‘பியூட்டிஃபுலி’யும் இதே வழிதான். ‘அழகாக இருக்கிறாள்’, ‘அழகாகப் பாடுகிறாள்’. இரண்டிலும் ‘ஆக’. ‘ஆக’ வந்தால் ‘லி’ போடு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள், பிள்ளையும் போட்டுவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஷீ இஸ் பியூட்டிஃபுல்’, ‘ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுலி’ என்று இரண்டு வடிவம். ‘இஸ்’ மட்டுமில்லை, ‘சீம்’, ‘பிகம்’, ‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’, ‘சவுண்ட்’ போன்ற வினைகளுக்குப் பிறகும், அந்தச் சொல் எழுவாயின் தன்மையைச் சொன்னால் அட்ஜெக்டிவ்தான் வரும். ‘த பாயசம் டேஸ்ட்ஸ் ஸ்வீட்.’ ‘ஸ்வீட்லி’ இல்லை.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வினையை எடுத்துவிட்டு அங்கே ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ போட்டுப் பாருங்கள். ‘ஷீ லுக்ட் ஆங்க்ரி’ என்பதை ‘ஷீ வாஸ் ஆங்க்ரி’ ஆக்கலாம், பொருள் நிற்கிறது. ‘ஷீ லுக்ட் ஆங்க்ரிலி அட் ஹிம்’ என்பதில் ‘வாஸ்’ போட்டால் வாக்கியமே உடைந்துவிடும். அங்கே ‘லுக்’ என்பது பார்க்கிற செயல்.

இரவுப்பணி:

சார், ‘எனக்கு’ ஆங்கிலத்திலும் இருக்கிறதே. ‘இட் இஸ் கன்ஃப்யூசிங் டு மீ’ என்று சொல்வதில்லையா? அப்புறம் ‘ஐ ஃபீல் பேட்லி’ என்று அங்கேயே பிறந்தவர்கள் சொல்லி என் காதால் கேட்டிருக்கிறேன்.

பழைய வாத்தியார்:

‘டு மீ’ உண்டு தம்பி. ஆனால் அங்கேயும் எழுவாய் ‘இட்’தான், அதனால்தான் ‘இங்’ வந்தது. நான் சொன்ன கணக்கு மாறவில்லை. ‘ஃபீல் பேட்லி’ வழக்கில் இருக்கிறது. வருத்தத்தைச் சொல்ல சிலர் அதை விரும்பியே சொல்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு ‘ஃபீல் பேட்’ போதும்.

பனங்காய்ப் பணியாரம்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறேன். ஐயா சொன்ன ‘ஆக’ சிக்கல் எங்களிடம் இன்னும் மோசம். நாங்கள் ‘வடிவாக இருக்கிறாள்’ என்றும் சொல்லுவோம், ‘வடிவாகப் படி’, ‘வடிவாகப் பார்’ என்றும் சொல்லுவோம். ஒரே ‘வடிவாக’ அழகையும் காட்டும், ஒழுங்காகச் செய்வதையும் காட்டும். பிள்ளை எதை எங்கே போடும்?

ஆனால் ‘இங்’, ‘எட்’ சோடியைப் படிப்பிக்கும்போது ஒரு எச்சரிக்கை. விதி பிடிபட்ட பிள்ளைகள் அதை எல்லாச் சொல்லுக்கும் போட்டுவிடுவார்கள். பரீட்சை விடைத்தாளில் ‘த எக்ஸாம் வாஸ் ஸ்ட்ரெஸ்ஸிங்’, ‘த கோஸ்ட் வாஸ் ஸ்கேரிங்’, ‘எ வெரி இம்ப்ரெஸ்ஸிங் ஸ்பீச்’ என்று வரும். ‘எட்’ பக்கம் ‘ஸ்ட்ரெஸ்ட்’, ‘ஸ்கேர்ட்’, ‘இம்ப்ரெஸ்ட்’ எல்லாம் சரி. கொடுக்கிற பக்கத்தில் ஆங்கிலம் வேறு வாலை ஒட்டுகிறது: ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’, ‘ஸ்கேரி’, ‘இம்ப்ரெஸிவ்’. ‘டிலைட்டட்’ என்பதற்கும் ‘டிலைட்ஃபுல்’தான். இவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். இதில் விதியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

கணக்குப்பிள்ளை:

வகைப் பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பத்துக்கு அதுதான் வேர்.

நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கையில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தின் வழியில் ‘திஸ்’, ‘தட்’, ‘எவ்ரி’, ‘சம்’, ‘மெனி’ எல்லாம் அட்ஜெக்டிவ். பெயருக்கு முன்னால் வந்தால் அட்ஜெக்டிவ், அவ்வளவுதான் அளவுகோல். 1985இல் வந்த குவெர்க் குழுவினரின் பெரிய இலக்கணமும், 2002இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஹடில்ஸ்டன், புல்லம் இலக்கணமும் இவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டன. இன்று பொதுவாக டிடர்மினர் என்பார்கள்.

ஏன் பிரித்தார்கள் என்பது சுவாரசியம். ‘பிக்’ என்ற சொல்லை எடுங்கள். பெயருக்கு முன்னால் வரும், ‘எ பிக் ஹவுஸ்’. ‘சீம்’ என்பதற்குப் பின்னால் வரும், ‘த ஹவுஸ் சீம்ஸ் பிக்’. ‘வெரி’ ஏற்கும். ‘பிக்கர்’ ஆகும். இப்போது ‘திஸ்’ஸை வையுங்கள். ‘வெரி திஸ்’ உண்டா? ‘திஸ்ஸர்’ உண்டா? முதல் சோதனையோடு நின்றுவிடுகிறது. இன்னொன்று, அட்ஜெக்டிவ்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். ‘மை’யையும் ‘த’வையும் சேர்த்து ‘த மை ஹவுஸ்’ என்று அடுக்க முடியாது. அந்த இடத்துக்கு ஒரே ஆள்.

பிள்ளைகளுக்கு இதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். தேர்வில் டெமான்ஸ்ட்ரேட்டிவ் அட்ஜெக்டிவ் என்று கேட்டால் அதையே எழுதட்டும், மதிப்பெண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

தூறல்:

எனக்கு ஒரு சந்தேகம். தமிழில் அட்ஜெக்டிவ் என்பது உரிச்சொல்தானே? பெயர், வினை, இடை, உரி என்று நான்கில் கடைசி.

கணக்குப்பிள்ளை:

உரிச்சொல்லை அட்ஜெக்டிவோடு சமமாக வைத்தால் இடிக்கும். சால, உறு, தவ, நனி என்று வரும் உரிச்சொற்கள் வினையையும் தழுவும். ‘நல்ல’, ‘பெரிய’ போன்றவற்றை நம் மரபு குறிப்புப் பெயரெச்சம் என்று சொல்லும். பெயரடை என்பது பின்னால் வந்த பெயர். அட்ஜெக்டிவைத் தனிச் சொல்வகையாக வைக்காதது நாம் மட்டுமில்லை. பழைய கிரேக்க இலக்கணத்தின் எட்டுச் சொல்வகைகளிலும் அதற்குத் தனி நாற்காலி இல்லை, பெயருக்குள் அடக்கிவிட்டார்கள். லத்தீனிலும் ‘நோமென் அட்ஜெக்டிவும்’, அதாவது பெயரில் ஒரு வகை. சரி, இது மாலைவகுப்புக்கு உதவாது, விட்டுவிடுகிறேன்.

மாலைவகுப்பு:

எனக்கு உதவாவிட்டாலும் படிக்க நன்றாக இருக்கிறது, தொடருங்கள். ‘அஸ்லீப் பேபி’க்கு யாரும் வரவில்லையே? ‘ஸ்லீப்பிங் பேபி’ என்று எழுது, அவ்வளவுதான் என்றேன். ‘ஹேப்பி பேபி சொல்லலாம், அஸ்லீப் பேபி ஏன் கூடாது மிஸ்?’ என்று பிள்ளை விடாமல் கேட்கிறது.

பழைய வாத்தியார்:

நல்ல பிள்ளை, விடாதீர்கள். அந்த ‘அ’தான் காரணம் அம்மா.

‘அஸ்லீப்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லும் ‘ஸ்லீப்’ என்ற பெயரும் சேர்ந்த தொடர். தூக்கத்தில் இருக்கிற நிலை. நாளடைவில் ‘ஆன்’ தேய்ந்து ‘அ’ ஆகி ஒட்டிக்கொண்டது. ‘அலைவ்’ என்பதும் அப்படியே, ‘ஆன் லைஃப்’. ‘அஷோர்’, ‘அஃப்ளோட்’ எல்லாம் இதே குடும்பம். முன்னிடைத் தொடரைப் பெயருக்கு முன்னால் வைக்க முடியாது அல்லவா? ‘இன் த ரூம் பேபி’ என்று சொல்வோமா? அந்தப் பழைய குணம் இன்னும் போகவில்லை. ஆகவே ‘த பேபி இஸ் அஸ்லீப்’ சரி, ‘ஆன் அஸ்லீப் பேபி’ தவறு. ‘லிவிங் திங்ஸ்’ உண்டு, ‘அலைவ் திங்ஸ்’ இல்லை.

‘அஃப்ரெய்ட்’ பிறப்பில் வேறு, அது ஒரு பழைய வினையின் பார்ட்டிசிபிள், அதாவது வினையிலிருந்து பிறந்து அடையாக நிற்கும் வடிவம். ஆனாலும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து அதே விதிக்குக் கட்டுப்படுகிறது. ‘அலோன்’ என்பது ‘ஆல்’, ‘ஒன்’ இரண்டும் சேர்ந்தது. அதுவும் பின்னால் மட்டும்தான்.

முன்னால் ஒரு அடை சேர்ந்தால் கொஞ்சம் இளகும். ‘எ ஹாஃப்-அஸ்லீப் வாட்ச்மேன்’ என்று தாராளமாக எழுதலாம். அப்படிப்பட்டவரைப் பார்த்தும் இருப்பீர்கள்.

பனங்காய்ப் பணியாரம்:

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ‘மெயின்’, ‘ஃபார்மர்’, ‘மியர்’ போன்றவை பெயருக்கு முன்னால் மட்டும்தான் வரும். ‘த மெயின் ரீசன்’ உண்டு, ‘த ரீசன் இஸ் மெயின்’ இல்லை. ‘எ ஃபார்மர் மினிஸ்டர்’ உண்டு, ‘த மினிஸ்டர் இஸ் ஃபார்மர்’ என்றால் கேட்கிறவர் அமைச்சர் விவசாயி என்று விளங்கிக்கொள்வார்.

தூறல்:

இரண்டு இடத்திலும் வந்து அர்த்தம் மாறுகிற ஆளும் உண்டு. நம் கல்யாணப் பத்திரிகைகளில் தாத்தா பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று போடுகிறோம், காலஞ்சென்றவர் என்று பொருள். அதையே பின்னால் கொண்டுபோய் ‘மை கிராண்ட்ஃபாதர் இஸ் லேட்’ என்றால் தாத்தா இன்னும் மண்டபத்துக்கு வந்து சேரவில்லை என்றாகிவிடும். ‘த பிரசென்ட் செகரட்டரி’ என்றால் தற்போதைய செயலாளர், ‘த செகரட்டரி இஸ் பிரசென்ட்’ என்றால் வந்திருக்கிறார்.

இரவுப்பணி:

தாத்தா விஷயத்தில் ஒரு திருத்தம். போட்ஸ்வானா, தென் ஆப்பிரிக்கா பக்கத்து ஆங்கிலத்தில் ‘ஹீ இஸ் லேட்’ என்றால் இறந்துவிட்டார் என்றே பொருள். அந்தப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் கணக்கை மூடச் சொல்லி ‘மை ஹஸ்பண்ட் இஸ் லேட்’ என்றார். நல்லவேளை, பக்கத்து இருக்கையில் விஷயம் தெரிந்த ஆள் இருந்தார்.

வேலைதேடி:

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நான்கைந்து அட்ஜெக்டிவ் சேர்ந்து வந்தால் வரிசை என்ன என்று ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. ‘ஓசாஸ்காம்ப்’ என்று மனப்பாடச் சொல் கொடுத்திருக்கிறார்கள்: கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறந்த இடம், செய்த பொருள், பயன். தேர்வு அறையில் எட்டும் நினைவுக்கு வருவதில்லை.

பழைய வாத்தியார்:

எட்டையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். பெயருக்கு ஒட்டி நிற்பது அந்தப் பொருளிலிருந்து பிரிக்க முடியாத தன்மை. தள்ளி நிற்பது நம் அபிப்பிராயம். குத்துவிளக்கு ஒன்றை நினையுங்கள். அது பித்தளை என்பதை யாரும் மறுக்க முடியாது, ஆகவே ‘பிராஸ் லேம்ப்’ ஒட்டி நிற்கும். பழையது என்பது அதற்கு முன்னால். அழகு என்பது உங்கள் கண்ணைப் பொறுத்தது, அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால்: ‘எ லவ்லி ஓல்ட் பிராஸ் லேம்ப்’. ‘எ பிராஸ் ஓல்ட் லவ்லி லேம்ப்’ என்றால் இலக்கணம் படிக்காத ஆங்கிலேயருக்கும் காது கூசும். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் கேள்வித்தாளில் வருவதில் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும்.

பள்ளித் தேர்வுக்கு வெளியே மூன்றுக்கு மேல் யாரும் அடுக்குவதில்லை. அடுக்கினால் வாக்கியம் மூச்சு வாங்கும்.

கணக்குப்பிள்ளை:

சிறுவர் கதைகளில் வரும் ‘பிக் பேட் உல்ஃப்’ இந்த விதியை மீறுகிறதே ஐயா? அபிப்பிராயம் முதலில் என்றால் ‘பேட் பிக் உல்ஃப்’ அல்லவா வர வேண்டும்?

பழைய வாத்தியார்:

மீறுகிறதுதான். அங்கே ஓசை ஜெயித்துவிட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. ‘ஜிக்-ஜாக்’, ‘டிக்-டாக்’, ‘பிங்-பாங்’ என்று ஆங்கிலத்தில் இகர ஓசை முதலில் வந்துதான் மற்றது வரும். ‘பிக் பேட்’ அந்தத் தாளத்தில் விழுகிறது.

மாலைவகுப்பு:

‘டென் இயர்ஸ் ஓல்ட் பாய்’, ‘மோர் பெட்டர்’ இரண்டும் பாக்கி.

பனங்காய்ப் பணியாரம்:

முதலாவது சுகமானது. இன்றைய ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ் பன்மை ஏற்காது. ‘ரெட் பென்ஸ்’ என்கிறோம், ‘ரெட்ஸ் பென்ஸ்’ இல்லை. எண்ணும் பெயரும் சேர்ந்து பெயருக்கு முன்னால் அடையாக நின்றால் அவையும் ஒருமையில், நடுவில் சிறு கோட்டோடு நிற்கும்: ‘எ டென்-இயர்-ஓல்ட் பாய்’, ‘எ டென்-ருபீ நோட்’, ‘எ த்ரீ-ஹவர் எக்ஸாம்’. வினைக்குப் பின்னால் போனால் ‘ஹீ இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்’, அங்கே பன்மை திரும்பிவிடும். காசுத் தாளைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

பழைய வாத்தியார்:

‘மோர் பெட்டர்’ தமிழிலிருந்து வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். தமிழிலிருந்து வருவது ‘ஹீ இஸ் டால் தேன் மீ’. ‘என்னைவிட உயரம்’ என்பதில் ‘விட’ ஒன்றே ஒப்பிடும் வேலையைச் செய்துவிடுகிறது, உயரம் என்ற சொல் மாறுவதில்லை. பிள்ளையைத் திருத்தித் திருத்தி ‘அர்’ போடு, ‘மோர்’ போடு என்றோம். பயத்தில் இரண்டையும் போட்டுவிட்டது. ஒரு அசை என்றால் ‘அர்’, ‘ஹேப்பி’ போல முடிந்தால் ‘ஹேப்பியர்’, நீளமானால் ‘மோர்’. ‘பெட்டர்’ ஏற்கனவே ஒப்பீட்டு வடிவம், அதற்கு மேல் ‘மோர்’ வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்தில் இரட்டை ஒப்பீடு வழக்கில் இருந்தது, ஆனால் அவர் நம் தேர்வுத்தாளைத் திருத்தப் போவதில்லை. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டு வடிவங்கள், அவற்றுக்கு ‘தேன்’ வராது, ‘டு’ வரும்.

நம் ஊர்த் தேர்வில் மூன்று டிகிரியையும், அதாவது ஒப்பீட்டின் மூன்று நிலைகளையும், மாற்றி எழுதச் சொல்வார்கள். ‘சென்னை இஸ் பிக்கர் தேன் எனி அதர் சிட்டி இன் தமிழ்நாடு’ என்பதில் ‘அதர்’ விட்டுப்போனால் மதிப்பெண் போகும். காரணத்தையும் சொல்லுங்கள்: சென்னையும் தமிழ்நாட்டு நகரம்தான், ‘அதர்’ இல்லாவிட்டால் சென்னை தன்னைவிடவும் பெரியது என்றாகிவிடும்.

கோப்பு எழுத்தர்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். சம்பந்தப்பட்ட அதிகாரி என்பதை ‘த கன்சர்ன்ட் ஆபீசர்’ என்றுதான் எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அது தவறு, ‘த ஆபீசர் கன்சர்ன்ட்’ என்றுதான் வரவேண்டும் என்கிறார். அட்ஜெக்டிவ் பெயருக்குப் பின்னால் இப்படி ஒட்டி வருமா?

கணக்குப்பிள்ளை:

வரும். ‘சம்திங் நியூ’, ‘அட்டர்னி ஜெனரல்’, ‘நோட்டரி பப்ளிக்’, ‘கோர்ட் மார்ஷல்’ எல்லாம் அந்த ரகம். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டமும் நிர்வாகமும் நெடுங்காலம் பிரெஞ்சில் நடந்தன. பிரெஞ்சில் அட்ஜெக்டிவ் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும். அந்தப் பதவிப் பெயர்களில் அது அப்படியே உறைந்துவிட்டது. பன்மையும் அதனால்தான் ‘அட்டர்னிஸ் ஜெனரல்’, ‘எஸ்’ பெயரில் ஒட்டும், அட்ஜெக்டிவில் இல்லை.

‘கன்சர்ன்ட்’ விஷயத்தில் அந்தப் பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் ‘கன்சர்ன்ட் பேரன்ட்ஸ்’ என்றால் கவலைப்படும் பெற்றோர். ‘த பேரன்ட்ஸ் கன்சர்ன்ட்’ என்றால் சம்பந்தப்பட்ட பெற்றோர். உங்கள் கடிதத்தை லண்டனில் ஒருவர் படித்தால், கவலையோடு இருக்கும் அதிகாரியைத் தேடிப் போகச் சொல்கிறீர்கள் என்று நினைக்கக்கூடும்.

இரவுப்பணி:

இந்தியாவில் எல்லா அலுவலகத்திலும் ‘த கன்சர்ன்ட் ஆபீசர்’ என்றுதான் இருக்கிறது, எல்லாருக்கும் புரிகிறது. இத்தனை பேர் எழுதுவதைத் தவறு என்பதைவிட இந்திய ஆங்கிலம் என்பதுதான் சரி. எதற்கு மாற்ற வேண்டும்?

கோப்பு எழுத்தர்:

மாற்றித்தான் பார்த்தேன் தம்பி. ‘த ஆபீசர் கன்சர்ன்ட்’ என்று வரைவு அனுப்பினால், மேலே போய் சிவப்பு மையில் பழையபடி ‘கன்சர்ன்ட் ஆபீசர்’ ஆகித் திரும்பி வருகிறது.

பழைய வாத்தியார்:

அப்படியென்றால் உள்ளே சுற்றும் கோப்பில் அவர்கள் விருப்பப்படியே விடுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் மட்டும் ‘கன்சர்ன்ட்’ என்ற சொல்லே இல்லாமல் பதவியின் பெயரை எழுதிவிடுங்கள். சிவப்பு மைக்கு வேலை இருக்காது.